வெறும் நாளில் மிதியாத படி

மலாக்கா நீரிணையின்மேல் மாலைக் கதிரவன் சாய, கிளேபாங்குக் கரையில் மணலும் நீரும் ஒரே செம்பு நிறம் பூண, பாச்சாங்குச் சாலையில் வேலை முடிந்து வீடு திரும்பும் வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று முட்டியபடி ஊர்ந்து செல்ல, வடக்கே குருபோங்குத் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளுக்கு மேலே, பகலெல்லாம் பெய்வேன் பெய்வேன் என்று மிரட்டியும் பெய்யாது நின்ற மார்கழி முகில், இனிப் பொறுக்கவியலாது என்பதுபோல் இருண்டு திரண்டுகொண்டிருந்தது. காற்று அடங்கியிருந்தது. குடியிருப்பின் எல்லையில் எஞ்சி நின்ற செம்பனைகளின் ஓலை ஒன்றுகூட அசையவில்லை. வரப்போவது மழையா, வெறும் புழுக்கமா என்று அறியாத நாய்கள் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாய் அலைந்துகொண்டிருந்தன.

கற்றறிந்த அன்பரீர், அது கிறித்து பிறப்புத் திருநாளுக்கு முந்திய மாலை. சுவரோடு சுவர் ஒட்டிய அவ்வரிசை வீடுகளுள் சிலவற்றின் முகப்பில், உள்ளே விளக்கேற்றிய தாள் விண்மீன்கள், பழுத்த பழங்கள்போல் சிவந்தும் மஞ்சளித்தும் தொங்கின. கடைக்கோடி வீட்டில் மட்டும் விண்மீன் இல்லை. ஆண்டுதோறும் அதைத் தாங்கிய இரும்புக் கொக்கி, எதையோ கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருப்பதுபோல் வளைந்து, வெறுமையாய்க் கிடந்தது. அக்கொக்கி வெறுமையுற்ற கதையையும், அவ்வெறுமையால் ஒருத்தியின் பிறந்தகத்து வழி அடைபட இருந்த கதையையும் இனிச் சொல்வேன்.

அவ்வீட்டுக்குரியவன் சாமுவேல் திருச்செல்வம். தொழிற்பேட்டையில் மின்னணுக் கருவிகள் செய்யும் ஆலையொன்றில் தர ஆய்வாளன். நகத்தளவு சில்லு ஒன்றைக் கையில் கொடுத்தால், அது எந்த நாட்டில் வார்க்கப்பட்டது, எவர் கைவழி வந்தது, எந்தக் கிடங்கில் உறங்கியது என்று வேர்வரை தோண்டிப் பார்ப்பதே அவன் அன்றாடப் பணி. வந்த வழி தெளியாத பொருள் எவ்வளவுதான் பளபளத்தாலும் தள்ளவேண்டியது என்று அதன் பெட்டிமேல் அவன் செஞ்சீட்டு ஒட்டுவான். ஒட்டியபின் மேலாளரே வந்து கேட்டாலும் கிழிக்கமாட்டான். இந்தக் கண்டிப்பால் ஆலையில் அவனுக்கு மதிப்பும் இருந்தது, முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயரும் இருந்தது. பொய் சொல்ல அவனுக்கு வராது. மனைவி ஆக்கிய குழம்பில் உப்புக் குறைந்தால்கூட, நன்றாக இருக்கிறது என்று சொல்லி எழுந்துபோகத் தெரியாதவன்.

இத்தகையவனுக்குப் புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் கைப்பேசிவழி ஒரு காணொளி வந்து சேர்ந்தது. ஆண்டவர் பிறந்த நாள் இன்னதென்று மறைநூல் எங்கும் உரைக்கவில்லை என்றும், இன்று கொண்டாடும் நாளோ பண்டை உரோமர் ஞாயிற்றைத் தெய்வமாக்கி விழவெடுத்த நாள் என்றும், மரமும் விளக்கும் விண்மீனும் பிற வழிபாட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை என்றும் அதில் ஒருவர் உரக்கப் பேசினார். திருச்செல்வம் அதை நம்பிவிடவில்லை. முறைப்படி தேடினான். அன்னை கருவுற்ற நாளை முதலில் கணித்து, அதிலிருந்து எண்ணியே முன்னோர் இந்நாளைக் கண்டனர் என்போரும் இருந்தனர். இரு திறத்தார் கூற்றையும் படித்தான். ஒரு பக்கம் படிக்கையில் அதுவே சரியென்றும், மறுபக்கம் படிக்கையில் இதுவே சரியென்றும் தோன்ற, கலக்கிய கிணற்றை மேலும் கலக்கியவன்போல் ஆனான். உறக்கம் கெட்டது. சபையில் பாடல் எழும்போது வாய் அசைந்ததே அன்றி நெஞ்சு அசையவில்லை.

பாச்சாங்கில் கடைவீட்டு மாடியொன்றில் கூடும் அச்சிறு சபையின் போதகர் நிவேந்திரன் வயதில் இளையவர். ஒரு நாள் தொழுகை முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த அவரைத் திருச்செல்வம் வழிமறித்தான்.

"பாஸ்டர், கிறிஸ்மஸ் கொண்டாடணும்னு பைபிள்ல இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்ல பிரதர். கொண்டாடக் கூடாதுன்னும் இல்ல."

"ரெண்டும் இல்லன்னா ரிஜெக்ட்தான் பாஸ்டர். எங்க ஃபேக்டரியில அப்படித்தான்."

"அப்ப நம்ம சபையில பாதிப் பேர உங்க ஃபேக்டரியில உள்ளயே விடமாட்டாங்க போல லா," என்று சொல்லிப் போதகர் சிரித்தார். திருச்செல்வம் சிரிக்கவில்லை. மீதி நாற்காலிகளை அவருக்கு உதவியாக அடுக்கி வைத்துவிட்டு வீடு திரும்பி, இவ்வாண்டு விண்மீன் இல்லை, விருந்தில்லை, அது மற்ற நாள்போல் ஒரு நாளே என்று மனைவியிடம் அறிவித்தான்.

அவன் மனைவி கோமளா கிறித்தவக் குடியில் பிறந்தவள் அல்லள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் மாரியம்மன் கோயிலுக்கு எதிர்வீட்டில் பிறந்தவள். பெற்றோர் மறைந்தபின் அவளை வளர்த்து ஆளாக்கியவன் தமையன் முனுசாமி. சரக்குந்து ஓட்டி அவளைப் படிக்க வைத்தவன், அவள் திருச்செல்வத்தை மணந்து ஞானமுழுக்கும் பெற்றாள் என்று கேட்ட அன்று, கொதித்த எண்ணெய்போல் ஆனான். நேரே கோயிலுக்குப் போய், அம்மன் முன் சூடம் ஏற்றி, "இனிமே அவ வீட்டுப் படிய மிதிக்கமாட்டேன்!" என்று கையை ஓங்கினான். தோட்டத்தார் வழக்கில், எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல் கல்லில் வெட்டியதற்குச் சமம். ஆனால் அவன் கை இறங்குமுன், அருகில் நின்ற அவன் மனைவி உஷாராணி, "நல்ல நாள் பெருநாள் தவிர!" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். கை சூடத்தின்மேல் விழுந்தது. அவள் சொன்ன சொல்லும் அதோடு சேர்ந்து விழுந்தது.

அன்றிரவு கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த சண்டை தோட்டம் முழுவதும் கேட்டதாம். ஆனால் அடித்த சூடம் அடித்ததுதான். ஆகவே வெறும் நாளில் முனுசாமி தங்கை வீட்டுப் படியை மிதிப்பதில்லை. மார்கழித் திருநாளிலோ, சினம் ஆறாத முகத்தோடும், ஆறிவிட்ட நெஞ்சத்தோடும், கை நிறையப் பலகாரத்தோடும் வந்திறங்குவான். இந்நாட்டில் எவர் திருநாளாயினும் அவர் வீட்டுக் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கும்; அழைப்பு வேண்டா, பழம்பகை கணக்கில் வாராது. வாசலில் விண்மீனைக் கண்டால் இறங்குவான், கோழிக்கறியும் சோறும் வயிறார உண்பான், தங்கை கணவனைக் கிண்டலடிப்பான், ஓராண்டுக்கு விடைபெறுவான். பெரிய வெள்ளிக்கிழமையும் பெருநாள்தானே என்று ஒருமுறை கோமளா கேட்டதற்கு, "பட்டினி போடுற பெருநாளுக்கெல்லாம் நான் வரமாட்டேன்மா," என்றான்.

இவ்வாண்டு அவன் வருகைக்கு மற்றொரு காரணமும் சேர்ந்திருந்தது. அவன் மகள் தேவிஸ்ரீக்குத் தை மாதத்தில் திருமணம். பெண்ணின் அத்தைக்கே முதல் அழைப்பு. அதையும் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, வீட்டுக்குள் வந்து, கையில் தரவேண்டும். தெருவில் நின்று நீட்டினால் அது அழைப்பன்று. "மொத பத்திரிகை உனக்குத்தான்னு அண்ணன் யாருக்கும் இன்னும் குடுக்காம வச்சிருக்காரு. கிறிஸ்மஸ் அன்னைக்குத் தட்டோட வர்றோம்," என்று உஷாராணி தொலைபேசியில் சொன்னபோது கோமளாவின் பார்வை வாசலின் வெறுங்கொக்கிமேல் சென்றது. படைத்த பலகாரம் உண்ணலாகாது என்று கணவன் தடுத்ததால் தீபாவளிக்கு அவள் தமையன் வீடு செல்லவில்லை. அந்தப் புண் இன்னும் ஆறாதிருக்க, இவனோ இப்போது மார்கழி வழியையும் அடைக்கிறான்.

ஆகவேதான் அம்மாலையில், அறைமூலையிலிருந்து விண்மீன் பெட்டியைத் தூக்கி வந்து மேசைமேல் வைத்து, கடைசி முறையாகக் கேட்டாள்.

"மாட்டுங்களேன். அண்ணன் வர்றாரு."

"வரட்டும். நான் வேணாங்கல. மத்த நாள் மாதிரி சோறு போடு. ஸ்டார்தான் வேணாங்கறேன்."

"ஸ்டார் இல்லன்னா அவருக்குப் பெருநாள் இல்லங்க. இறங்கமாட்டாரு."

"மறுநாள் வரச் சொல்லு."

"மறுநாள் வெறும் நாள்."

"கோமளா, எனக்கு மட்டும் ஆசையா? எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாத ஒண்ண, கர்த்தருடையதுன்னு சொல்லி வாசல்ல எப்படி மாட்டுறது? அது பொய்யில்லையா? சாமியக் கும்புடுறவங்க வழக்கம் நமக்கெதுக்கு?"

இதைச் சொல்லும்போதே அவன் பார்வை, தன்னையறியாமல், அவள் கழுத்தில் கிடந்த தாலிமேல் பட்டது. மஞ்சள் கயிற்றைப் பொற்கொடியாக மாற்றி, நடுவில் சிறு சிலுவை பொறித்துத் தானே கட்டிய தாலி. பட்ட பார்வையை உடனே எடுத்துக்கொண்டான். ஆனால் கோமளா பார்த்துவிட்டாள்.

"சொல்லுங்க," என்றாள். "இதையும் சொல்லுங்க. இது எந்த ஜெருசலேம்லேருந்து வந்துச்சு? கழட்டி வச்சிரவா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க சொல்லமாட்டீங்க. நானே சொல்றேன். அங்கேருந்து வந்ததெல்லாம் கூடாதுன்னா, நானும் அங்கேருந்து வந்தவதான். தீமிதிக்கு மஞ்சத்தண்ணி ஊத்துன கைதான் இது. இந்தக் கையிலதான் இத்தன வருசமா சோறு திங்கிறீங்க. எனக்கும் செவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்க."

அவள் அழவில்லை. விண்மீன் பெட்டியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள். அந்நேரம் வெளியே, நாளெல்லாம் தேங்கி நின்ற மழை, கூரையே பெயர்ந்து விழுவதுபோல் கொட்டத் தொடங்கியது.

திருநாள் விடிந்தது. கழுவிய தட்டுபோல் வானம் தெளிந்திருந்தது; திருச்செல்வத்தின் நெஞ்சமோ தெளியவில்லை. சபையில் கொண்டாட்டம் என்பதால் அங்கும் செல்லாமல், வீட்டிலும் இருப்புக்கொள்ளாமல், மோட்டார் சைக்கிளைத் துடைத்தான்; துடைத்ததையே மீண்டும் துடைத்தான். சமையலறையிலிருந்து கோழிக்கறி மணத்தது. இன்று விருந்து இல்லை என்றல்லவா சொன்னோம் என்று கேட்க வாயெடுத்தவன், வெறும் நாளில் கோழி ஆக்கக்கூடாது என்று எவரும் சொல்லவில்லையே என்ற விடை அதற்குள் ஆயத்தமாய் இருக்கும் என்றுணர்ந்து வாயை மூடிக்கொண்டான்.

நண்பகல் நெருங்குகையில் தெருமுனையில் ஒரு வெள்ளை மகிழுந்து திரும்பியது. முனுசாமியுடையது. மெல்ல வந்து வாசலுக்கு எதிரே நின்றது. கண்ணாடி இறங்கியது. திண்ணிய அம்முகம் மேலே நிமிர்ந்து, வெறுங்கொக்கியை நோக்கியது. தன் கண்ணைத் தானே நம்பாதவன்போல் மறுபடி நோக்கியது. திருச்செல்வம் சன்னல் திரைக்குப் பின்னால் நின்றான். அங்கிருந்து கதவுக்குச் சில அடிகளே. ஆயினும், எவனோ தரையோடு சேர்த்து ஆணியடித்துவிட்டதுபோல் அவன் கால் நகரவில்லை. கண்ணாடி ஏறியது. வண்டி நகர்ந்து, தெருவின் மறுமுனையில் மறைந்தது.

சற்றைக்கெல்லாம் சமையலறையில் தொலைபேசி ஒலித்தது. கோமளா "ம்" கொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு வெளியே வந்தாள்.

"அண்ணிதான். வாசல்ல ஸ்டாரக் காணோம், பெருநாள் இல்லாத வீட்டுல எப்படி இறங்குறதுன்னு அண்ணன் சொல்லிட்டாராம். கிளேபாங்குல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வீட்டுக்குப் போறாங்களாம்." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்குச் சோறு போடவா?"

அன்பரீர், அவள் கதறியிருந்தால் அவன் தாங்கியிருப்பான், ஏசியிருந்தால் வாதாடியிருப்பான். அவளோ சோறு போடவா என்றல்லவா கேட்டாள்! தலைக்கவசத்தை எடுத்தான்; மாட்ட மறந்து கையிலேயே பிடித்தபடி வெளியேறி, தெருமுனையில் நினைவு வந்து மாட்டிக்கொண்டான்.

கிளேபாங்குக் கரையில் விடுமுறைக் கூட்டம் நெரிந்தது. தேங்காய்ப்பாலில் பனிக்கூழ் மிதக்கும் குவளைகளை ஏந்தி, மரநிழல்தோறும் மக்கள் அமர்ந்திருந்தனர். ஓரமாய்க் கிடந்த நெகிழி நாற்காலியில் முனுசாமி, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியும் சட்டையுமாய், கோயில் விழாவிலிருந்து தப்பி வந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். அருகில் உஷாராணி. அவள் மடியில், கண்ணாடித்தாள் போர்த்திய தட்டு: வெற்றிலை, பாக்கு, பழம், நடுவே மஞ்சள் தடவிய அழைப்பிதழ். கொடுக்கவும் முடியாமல், கீழே வைக்கவும் மனமில்லாமல் அவள் அதைப் பிடித்திருந்தாள்.

"வா மாப்ள," என்றான் முனுசாமி. "கோக்கனட் ஷேக் குடிக்கிறியா? எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டுறாத. மரத்துலேருந்துதான்."

"ஏன் மச்சான் இறங்காம வந்துட்டீங்க?"

"இறங்கலாமா? நீயே சொல்லு. இன்னைக்கு உன் வீட்டுல என்ன நாள்?"

திருச்செல்வம் தலைக்கவசத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். "தங்கச்சி வீட்டுக்கு வர்றதுக்கு நாள் பாக்கணுமா மச்சான்? சும்மா வாங்க," என்றான் பிறகு.

"பாருடி இத!" என்று முனுசாமி மனைவி பக்கம் திரும்பினான். "பஞ்சாங்கம் பாக்குற ஆளுன்னு நமக்குத்தான் பேரு. இவரு நமக்கு மேல நாள் பாக்குறாரு. மாசக் கணக்கா யூடியூப்ல பாக்குறாராம்."

"சும்மா இருங்க. வெயில்ல வந்திருக்காரு," என்றாள் உஷாராணி. "உக்காருங்க தம்பி."

அவன் உட்காரவில்லை. முனுசாமியின் முகத்திலிருந்து கேலி மெல்ல வடிந்தது.

"மாப்ள, அம்மன் முன்னால அடிச்ச சூடம். நீ நம்பமாட்ட, சரி. நான் நம்புறேன்ல? வெறும் நாள்ல உன் படிய மிதிச்சா, என் வாக்கு போச்சு. எம்மக கல்யாணத்த வச்சுக்கிட்டு நான் வாக்கு தவறணுமா? அதுக்காக, என்னைக் கூட்டிட்டுப் போறதுக்காக, இன்னைக்குப் பெருநாள்னு ஒரு பொய் சொல்லிறாத. மத்தவன் சொன்னா நான் நம்பமாட்டேன். நீ சொன்னா நம்பிருவேன். அதான் எனக்குப் பயம்."

கடல் ஒதுங்கி, சேற்றுப்பரப்பு மின்னிக்கொண்டிருந்தது. திருச்செல்வம் அதையே நோக்கி நின்றான். மாதக்கணக்காய் அவனை அலைக்கழித்த வினா இப்போது நூலிலும் காணொளியிலும் இல்லை. வெள்ளை வேட்டி கட்டி, எதிரில் உட்கார்ந்து, விடை கேட்டது. வெறும் நாள் என்றால் அவன் கொள்கை நிற்கும், கோமளாவின் வழி அடையும். பெருநாள் என்றால் வழி திறக்கும், ஆனால் அவன் நாக்கில் பொய் ஏறும்.

அப்போது அவனுக்குத் தன் ஆலையின் பின்கட்டில் இருக்கும் வெப்ப அறை நினைவுக்கு வந்தது. வந்த வழி தெளியாத சில்லுகள் எல்லாவற்றையும் எறிந்துவிடுவதில்லை. சிலவற்றை அவ்வறைக்குள் வைத்து, சூட்டிலும் சுமையிலும் ஓட விட்டுப் பார்ப்பார்கள். தாங்கி நின்றதை, பிறந்த ஊர் கேளாமலே, ஏற்றுக்கொள்வதும் உண்டு. அந்த ஏட்டிலும் கையொப்பமிடுகிறவன் அவன்தான். இந்த நாளை அவன் தோண்டிப் பார்த்தான், ஓடவிட்டுப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் வீட்டுக்கும் அவள் தமையனின் சினத்துக்கும் நடுவே, ஆண்டுக்கு ஒரு முறை, உடையாமல் சுமந்து நின்றது இந்த நாள் அல்லவா? பகையை முறிக்கப் பிறந்தவர் என்று எவரைத் தான் நாள்தோறும் தொழுகிறானோ, அவர் வேலையை, அவர் பெயரால், இது செய்துகொண்டிருந்தது அல்லவா? அவ்வேலை செய்யும் நாளைத் திருநாள் என்று சொன்னால் அது பொய்யா?

"மச்சான்," என்றான். "கர்த்தர் என்னைக்குப் பொறந்தாருன்னு எனக்குத் தெரியாது. நெசமாவே தெரியாது. இந்த நாள் எங்கேருந்து வந்துச்சுன்னும் தெரியாது. நாளைக்குக் கேட்டாலும் இதேதான் சொல்வேன்."

"ம்."

"ஆனா இன்னைக்கு எங்க வீட்டுல பெருநாள். இது பொய்யில்ல."

முனுசாமி குவளையில் எஞ்சியிருந்ததை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டு எழுந்தான். "இதச் சொல்றதுக்கு இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டியா? எந்திரிடி. பசிக்குது."

வாசலுக்கு வந்ததும், உஷாராணி தட்டோடு இறங்க, முனுசாமி மட்டும் படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். தலையை நிமிர்த்திக் கொக்கியைக் காட்டினான்.

"அம்மனுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஸ்டார மாட்டு. அப்புறம் வர்றேன்."

கோமளா கதவருகே வந்து நின்றாள். கணவன் உள்ளே போய்ப் பெட்டியை எடுப்பதையும், தூசு தட்டுவதையும், சமையலறை முக்காலியை வாசலுக்குக் கொண்டுவருவதையும், கனவு காண்பவள்போல் பார்த்தாள். முக்காலியின் கால் ஒன்று முன்பிருந்தே ஆட்டம். திருச்செல்வம் ஏறியதும் அது சாய்ந்தது. முனுசாமி சட்டென்று குனிந்து, வேட்டி தரையில் புரள, இரு கைகளாலும் முக்காலியைப் பற்றிக்கொண்டான்.

"விழுந்து தொலைச்சிராத. தங்கச்சி என்னைத்தான் திட்டுவா."

"ஆட்டாதீங்க மச்சான்."

"நான் எங்க ஆட்டுறேன்? நீதான்யா நடுங்குற."

கொக்கியில் கயிறு விழுந்தது. மின்கம்பியைச் செருகினான். உச்சிவெயிலில் சிவப்புத் தாள் அசைந்ததே அன்றி, ஒளி ஏதும் தெரியவில்லை.

"எரியுதா?" என்றான் முனுசாமி கீழிருந்து.

"எரியுது மச்சான். பகல்ல தெரியாது."

"நீ சொன்னா சரி," என்று முனுசாமி முக்காலியை விட்டான், செருப்பைக் கழற்றினான், மனைவியின் கையிலிருந்த தட்டை வாங்கி இரு கைகளிலும் ஏந்தி, வலக்கால் எடுத்து வைத்துப் படியேறினான். கோமளா, தாலி தொங்கிய கழுத்தைத் தாழ்த்தி, ஈரக் கைகளை நீட்டினாள்.

அவ்வீட்டில் அன்று உண்டோர் பலரல்லர், பாடலும் இல்லை. திருச்செல்வத்தின் ஐயம் தீர்ந்துவிட்டது என்றும் நான் கூறேன். அன்று மாலை மீண்டும் முகில் கூடியபோது, வாசலில் தனியே நின்று, இருளத் தொடங்கியதும் மெல்ல மெல்லச் சிவந்து வெளிப்பட்ட அவ்விண்மீனை அவன் நெடுநேரம் நோக்கினான். நெஞ்சின் ஒரு மூலையில் பழைய கேள்வி இன்னும் புரண்டு படுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் விண்மீனை அவன் கழற்றவில்லை. நாள்கள் எங்கே பிறக்கின்றன என்பதை அறிந்தார் எவரோ, நாம் அறியோம். அவை எவரை எவர் வீட்டுப் படியேற்றுகின்றன என்பதை மட்டும் காண்கிறோம். காணும் அந்தச் சிறு வெளிச்சத்திலேயே நம் வாழ்நாள் கழிகிறது.